இரண்டு சரணங்களுக்கு நடுவே

“ஒரு சரணம் முடிகிறது. அடுத்தது தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் நான் என்ன செய்வது?” என்று கேட்டார் லாக்லன்.

கிர்ஸ்டி தூண்டில் முட்களில் சிப்பிச் சதையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

பாயையும் துடுப்பையும் நம்பிக் கடலுக்குப் போன காலம் அது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் அவளைப் போல் பாட ஆளில்லை என்பார்கள். மீனவன் மனைவி. நாற்பது வயது. பக்கத்தில் எந்த வாத்தியமும் இருக்காது. கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்களை மூடி, நீண்ட கதைப்பாட்டை ஒற்றைக் குரலில் பாடி முடிப்பாள். கேட்டவர்களுக்கு எழுந்து போக மனம் வராது.

லாக்லன் அவளைவிட இருபது வயது மூத்தவர். பிடில்காரர். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்தவர். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அவருடைய வில் ஓடிவந்து நிரப்பிவிடும்.

பிறகு விரல்கள் மரத்துப்போயின. பிடிலைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு, பாடக் கற்றுக்கொடுங்கள் என்று கிர்ஸ்டியின் வாசலில் வந்து நின்றார்.

குரல் இருந்தது. சுருதி பிசகவில்லை. ஆனால் சரணம் முடிந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். அந்த அமைதியில் கால் வைத்தால் விழுந்துவிடுவோம் என்பது போல, முடிந்த அடியின் மேலேயே அடுத்த அடியை ஏற்றிவிடுவார்.

குளிர்காலம் முழுக்கப் பாடினார். கிர்ஸ்டி கேட்டாள். ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

“ஒரு வார்த்தையாவது சொல்லக்கூடாதா?” என்றார்.

“நாளைக்கும் வாருங்கள்” என்றாள்.

கோடையில் ஒருநாள் நடுப்பகலில் கடல்மூட்டம் வந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே கிழக்கிலிருந்து மூடுபனி வெள்ளையாக உருண்டு வந்து ஊரை விழுங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை.

கிர்ஸ்டியின் கணவன் டேவியும் அவன் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் கடலில் இருந்தார்கள். துறைமுகத்தின் வாய் குறுகலானது. இரண்டு பக்கமும் பாறை.

ஊரே கரைக்கு ஓடி வந்தது. தேவாலய மணியை அடித்தார்கள். பெண்கள் சட்டிகளைத் தட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தினார்கள். லாக்லனும் ஒரு வாளியைத் தூக்கி மூச்சு முட்ட அடித்தார்.

கிர்ஸ்டி வந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள்.

சத்தம் இல்லாவிட்டால் கரை இருப்பதே அவர்களுக்குத் தெரியாதே என்று ஒருத்தி அழுதாள். எல்லாப் பக்கமும் சத்தம் இருந்தால் அவர்கள் எந்தப் பக்கம் துடுப்புப் போடுவார்கள் என்று கிர்ஸ்டி கேட்டாள்.

சட்டிகள் ஓய்ந்தன. கடைசியில் மணியும் நின்றது.

அவள் லாக்லனை அழைத்துக்கொண்டு கடலுக்குள் நீண்டிருந்த கல்பாலத்தின் கடைசி முனைக்கு நடந்தாள். கடலைப் பார்த்து நின்று வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

இன்னொரு முறை முயன்றாள். உதடுகள் அசைந்தன, அவ்வளவுதான்.

“நீங்கள் பாடுங்கள்” என்று காற்றாகச் சொன்னாள்.

அவர் பாடினார். மலைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, பனியில் அண்ணன் வீட்டைத் தேடி நடந்து வரும் பாட்டு. அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

‘பனி மூடிய பாதையிலே
பாதி தூரம் வந்துவிட்டேன்;
அண்ணன் வீட்டு விளக்கெங்கே,
அடுத்த அடி எங்கே வைப்பேன்?’

சரணம் முடிந்தது. அவர் வழக்கம்போல் அடுத்ததற்குப் பாய்ந்தார்.

கிர்ஸ்டியின் உள்ளங்கை அவர் வாயை அழுத்தி மூடியது.

சில்லென்ற கை. சிப்பி வாசனை. அவள் முகம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அது கடலை நோக்கி இருந்தது. கழுத்து நரம்புகள் புடைக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் இல்லை. பாறையில் அலை மோதி வடியும் சத்தம் மட்டும்.

கை விலகியது. அவர் அதே சரணத்தைப் பாடினார். மறுபடியும் கை மூடியது.

ஒன்றும் இல்லை.

இந்தமுறை பாடியபோது அவருக்குச் சுருதி நினைவில்லை. குரல் நன்றாக இருக்கிறதா என்ற நினைப்பும் இல்லை. இருந்த மூச்சையெல்லாம் அந்த வெள்ளைக்குள் அனுப்பினார். கடைசிச் சொல் போய் மறைந்தது. கிர்ஸ்டியின் கை உயர்ந்தது. ஆனால் அவர் வாய் தானாகவே மூடியிருந்தது. அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலை வடிந்தது. ஒரு பறவை எங்கோ கத்திவிட்டு நிறுத்தியது. பாலத்தின் கல்லுக்கடியில் தண்ணீர் புரளுவது கேட்டது. அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று அவர் திகைத்தார். அறுபது வருஷமாக அதன் ஓரத்தில்கூட அவர் நின்றதில்லை.

அப்போது, வெகு தூரத்தில், மூட்டத்துக்கு உள்ளிருந்து, உப்பில் கரகரத்த ஒரு குரல் அடுத்த சரணத்தை எடுத்தது.

‘நாய் குரைக்கும் ஓசை வந்தது,
நம்ம ஊரு நெருங்குதடி…’

டேவியின் குரல். வடக்கே, பாறைகளுக்கு மிக அருகில்.

லாக்லன் பதில் பாட வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் பாட்டு எழுந்துவிட்டது.

கிர்ஸ்டி பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் பாடி எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டதில்லை. ஒரு அடி பாடினாள். நிறுத்தினாள். கடலிலிருந்து ஒரு அடி வந்தது, கொஞ்சம் தெற்கே நகர்ந்து. அவள் அடுத்ததைப் பாடினாள். நிறுத்தினாள். அவன் பாடினான், இன்னும் கிட்டத்தில். கரையில் நின்ற ஊர் முழுக்க மூச்சை அடக்கியிருந்தது.

லாக்லன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தான் அழுவது அவருக்குத் தெரியவில்லை.

மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு படகின் மூக்கு வந்தது. பிறகு துடுப்புகள். பிறகு நான்கு பேர்.

யாரோ கயிற்றை வீசினார்கள். டேவி எழுந்து நின்று அதைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் கரையேறவில்லை. தன் முறைக்கு வந்த அடியை முழுக்கப் பாடி முடித்துவிட்டுத்தான் படியில் கால் வைத்தான்.