ஏணி கொண்டு வந்த ஜெசிந்தா

கோதண்டபாணி என்றொரு கணிதத் துறைத் தலைவர் இருந்தார். தான் செய்யாத எதுவும் அவருக்கு ஆகாது.

தவிலைத் தட்டினால் தோல் எந்த இடத்தில் எவ்வளவு எழும்பும் என்று சொல்வது பெசல் சார்பு. அதைக் கணக்கிட, கம்ப்யூட்டரில் மற்றவர்கள் எழுதித் தயாராக வைத்திருந்த புரோகிராம் தொகுப்பான கணித லைப்ரரியைத் தொட்டுவிட்டாள் தற்காலிக ஆய்வக உதவியாளர் ஜெசிந்தா. தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"லைப்ரரி எல்லாம் சோம்பேறிகளுக்கு! இது நானே எழுதின புரோகிராம் போட்ட கணக்கு. பதினாறு தசமம்!" நாற்பது பக்கத்தை மேசையில் போட்டார். "நான் இந்தக் காபியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு தப்பு கண்டுபிடி. கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே."

ஜெசிந்தா முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். வெளியே போய் ஏணியோடு வந்தாள்.

"ஏணி எதுக்கு?"

"தோலை அளக்கத்தான் சார். நடுவுல ஒரு மில்லிமீட்டர் எழும்பும்னு முதல் வரியில இருக்கு. அதைவிட உயரமா வேற எங்கேயும் எழும்பாதுன்னு நீங்கதான் வகுப்புல சொல்வீங்க. கடைசி வரியில நாலு மீட்டர் எழும்புது சார்."

காபி பாதியில் நின்றது. தலைவர் கண்ணாடியை மாட்டி, விரல்விட்டு எண்ணினார். "பதினாறு தசமமும் சரியா இருக்கே!"

"புள்ளிக்குப் பின்னாடி எல்லாம் அழகா இருக்கு சார்," என்றாள் ஜெசிந்தா, கூரையைப் பார்த்துக்கொண்டே. "புள்ளிக்கு முன்னாடிதான் மேலே இடிக்குது."