ரத்தத்தில் நுரை வந்த கதை

மண்ணும் காற்றும் கோழியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முட்டைக்குள் ரத்தம் கிடையாது. வெள்ளையும் மஞ்சளும்தான் இருந்தன. மஞ்சளின் மேல் ஒரு சின்னப் பொட்டாகக் குஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அது வளர மூச்சு வேண்டும். ஓட்டின் துளை வழியே உள்ளே வரக் காற்று தயார்தான். ஆனால் அதை ஏந்திப் பொட்டு வரை கொண்டுபோக ஆள் இல்லை. அதனால் கோழிகள் முட்டையிட்டனவே தவிர, ஒரு குஞ்சும் பொரிக்கவில்லை.

சாம்பலி என்கிற கோழிக்கு அது பொறுக்கவில்லை. வைக்கோல் போரடியில் முட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, செம்மண் பள்ளத்துக்குப் போனாள். அங்கே இரும்புச் சகோதரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவன் செங்கான் மேட்டில் வெயில் பட உட்கார்ந்திருப்பான். பளபளவென்று சிவப்பாக இருப்பான். இளையவன் தணியன் பள்ளத்துக்குள் ஊற்றுத் தண்ணீர் ஓரம் கறுத்துப்போய் இருப்பான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை எதற்கென்று செங்கானுக்கு மறந்துவிட்டது. அடித்தவனுக்கு மறப்பது சுலபம். தணியன் ஒன்றையும் மறக்கவில்லை.

சாம்பலி தணியனைத் தாண்டிப் போய்ச் செங்கானை அழைத்தாள்.

"இவ்வளவுதானா? காத்தத் தூக்கிட்டுப் போகணும், அதானே? வர்றேன்" என்றான் செங்கான்.

மேலே நின்றிருந்த காற்று சொன்னது: "முன்னாடியே சொல்லிடறேன். நான் போற இடத்துல கொஞ்சம் பொறி பறக்கும். விளக்கு எரியறதும் என்னாலதான், இரும்பு துருப்பிடிக்கறதும் என்னாலதான். பொறி ஈரத்துல விழுந்தா அந்தத் தண்ணியே பச்சைப் புள்ளைய அரிச்சுடும். அதத் தணிக்கிற கை உன் தம்பிக்குத்தான் இருக்கு. அவனையும் கூப்பிட்டுக்க."

செங்கான் முகம் சுருங்கியது. "அவன் வந்தா நான் வரல. எங்க வந்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்."

சாம்பலி தம்பியைக் கூப்பிடாமலே திரும்பினாள். காரியம் நடந்தால் போதும் என்று நினைத்தாள். பள்ளத்திலிருந்து தணியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

செங்கான் தூசியாகி முட்டைக்குள் இறங்கினான். காற்றைத் தொட்டதும் இன்னும் சிவந்தான். மஞ்சளின் மேல் சிவப்புத் துளிகள் தீவு தீவாகத் தெரிந்தன. சாம்பலி முட்டையை உருட்டி, ஓலை இடுக்கில் விழுந்த வெயிலுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். உள்ளே நூல் நூலாகச் சிவப்பு ஓடியது. நடுவில் ஏதோ துடித்தது.

மறுபடி பார்த்தபோது துடிப்பு இல்லை. சிவப்பெல்லாம் விலகி ஓரமாக ஒரு வளையமாக நின்றது. நடுவே வெறுமை.

அடுத்த முட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றிலிருந்தும் செங்கான் துருவேறி, இருமிக்கொண்டு வெளியே வந்தான். "முட்டை சரியில்ல" என்றான். பிறகு "உன் சூடு சரியில்ல" என்றான். தன்னை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரே ஒரு முட்டை மிஞ்சியது. செங்கான் அதற்குள் இறங்கிய பிறகு சாம்பலிக்கு இரை இறங்கவில்லை. உட்காருவாள், எழுந்து வெயிலில் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். துடிப்பு இருந்தது. ஆனால் சிவப்பு மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகரத் தொடங்கியிருந்தது. முட்டையை விட்டுப் போனால் சூடு ஆறும். போகாவிட்டால் வளையம் முழுதாகிவிடும்.

வைக்கோலை இழுத்து மூடிவிட்டு ஓடினாள்.

"தம்பி! தணியா!"

"யாரது? சாம்பலியக்காவா? வழி தெரிஞ்சுதா?" தணியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குத்திக் காட்டறதுக்கு இப்ப நேரமில்ல தம்பி. முட்டை ஆறுது."

"அன்னிக்கு என்னத் தாண்டித்தானே போன?"

"ஆமா."

"நான் கண்ணுல பட்டேனா?"

"பட்ட."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"நீ உர்ருனு இருந்த. பேசவே பயமா இருந்துச்சு."

"என் மூஞ்சியே அப்படித்தான்! அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

சாம்பலி இறக்கையைத் தரையில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "என் மேலதான் தப்பு. உங்கண்ணன் கோவிச்சுக்குவான்னு உன்ன விட்டுட்டேன். ஒரு புள்ளைகூட மிஞ்சல. இப்ப உள்ள துடிக்கிறதும் நின்னுடும்."

தணியன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பலி வைக்கோல் போர்ப் பக்கமும் அவன் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவன் என்ன கூப்பிட்டானா?" என்று கடைசியாகக் கேட்டான்.

பொய் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. "இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றான் தணியன். எழுந்தான். "கூப்பிட்டான்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

முட்டை பாதி ஆறிப்போயிருந்தது. சாம்பலி அதன் மேல் விழுந்து அணைத்துக்கொள்ள, தணியன் தூசியாகி உள்ளே இறங்கினான். உள்ளே எங்கே பார்த்தாலும் பொறி. செங்கான் பாதி துருவாகி, காற்றைக் கையில் ஏந்தியபடி தள்ளாடிக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாத" என்றான் தணியன். "உன் வேலையப் பாரு."

அண்ணன் நின்ற அதே துளிக்குள் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அரிக்கிற தண்ணீர் எங்கே ஊறினாலும் கை வைத்தான். அவன் கை பட்டதும் அது நல்ல தண்ணீர் வேறு, காற்று வேறு என்று பிரிந்தது. காற்று குமிழ் குமிழாக மேலே போனது. ஓரத்துக்கு ஒதுங்கிய சிவப்பு மறுபடி நடுவுக்கு ஓடியது. வளையம் கலைந்தது.

அந்த முட்டையிலிருந்துதான் முதல் குஞ்சு ஓட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதன் சிவந்த அலகோரத்தைப் பார்த்துச் செங்கானைத்தான் மெச்சினார்கள். "என்னா நெறம், என்னா நெறம்!" தணியனை ஒருவரும் கேட்கவில்லை. சாம்பலி மட்டும் வாயைத் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா" என்று தடுத்தான் தணியன். "இனிமே எந்த முட்டையானாலும், எந்தத் தாய் வயிறானாலும், அவன் செவக்கறதுக்கு முன்னாடியே நான் உள்ள இருப்பேன். யாரும் வந்து அழைக்க வேணாம். ஆனா நான் இருக்கேங்கறத மறைச்சு வைக்கவும் மாட்டேன். அரிக்கிற தண்ணி என் மேல பட்டா, எல்லாருக்கும் தெரியற மாதிரி பொங்குவேன்."

அன்று முதல்தான், கருவில் முதல் ரத்தம் ஊறும்போதே அதைத் தணிக்கிற கையும் கூடவே இருக்கிறது. ரத்தம் கசிகிற காயத்தில் கம்பவுண்டர் புண் கழுவும் தண்ணீரை, அதே அரிக்கிற தண்ணீரைத்தான், ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குகிறது. மருந்து வேலை செய்கிறது என்று அவர் சொல்வார். வேலை செய்வது தணியன். அண்ணனோடு அவனுக்கு இன்னும் பேச்சு இல்லை.