கீரி எண்ணிய மூச்சு

காட்டுக் குளத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. அந்தக் குளத்தைக் காத்துவந்தது மேகன் என்ற கிழட்டு எருமை. அதன் தயவில் முயலும் மானும் குரங்கும் பயமில்லாமல் தண்ணீர் குடித்தன.

ஒருநாள் மலையிலிருந்து செம்பன் என்ற இளம் எருமை இறங்கி வந்தது.

"ஏ கிழவா! நாளை மறுநாள் உச்சிவெயிலில் மோதுவோம். நான் ஜெயித்தால் இது என் குளம். பொடிசுகள் ஒன்றுகூட இங்கே தலைகாட்டக் கூடாது!"

விலங்குகள் கூடிப் பேசின. வேறு தண்ணீர் வேண்டுமென்றால் பாறைவெளியில் இரண்டு நாள் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். கிளம்புவதானால் இப்போதே கிளம்ப வேண்டும். குட்டிகள் அந்த வெயிலைத் தாங்குமா?

"மேகன் ஜெயிக்குமா என்று கீரி பார்த்துச் சொல்லட்டும். பாம்போடு மோதுகிற ஆளுக்குத்தான் சண்டை தெரியும்!" என்றது மான்.

கீரி தனக்குள் கேட்டுக்கொண்டது: 'நான் சொல்வது தப்பாகப் போய்விட்டால்?'

மறுநாள் காலை மேகன் ஒரு கறையான் புற்றை முட்டிப் பழகியது. ஒரே முட்டு! புற்று தூள்தூளானது.

"அடேயப்பா! செம்பன் தீர்ந்தான்!" என்று குரங்கு கை தட்டியது.

"உங்களுக்கு வயசே ஆகலை தாத்தா!" என்று மான் துள்ளியது.

எல்லாரும் போன பிறகும் கீரி அங்கேயே நின்றது. பாம்பு எவ்வளவு வேகமாகக் கொத்துகிறது என்று கீரிகள் பார்ப்பதில்லை. மறுபடி படமெடுக்க எவ்வளவு நேரமாகிறது என்றுதான் எண்ணும். மேகனின் மூக்கருகே ஒரு சருகு கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது எகிறி விழுந்தது. கீரி எண்ணியது. நூறு ஆயிற்று. இருநூறு ஆயிற்று. அப்புறம்தான் சருகு அடங்கியது.

"என்ன முறைக்கிறாய்? நீயும் ரெண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போயேன்!" என்றது மேகன்.

கீரி இரண்டடி பின்வாங்கி நின்றது.

"கோபப்படாதீங்க தாத்தா. உங்ககிட்ட ஒரு முட்டுதான் இருக்கு. அடுத்த முட்டுக்கு மூச்சு இல்லை. எடுத்ததுமே பாய்ஞ்சா தோத்துடுவீங்க."

மேகன் கொம்பைத் தாழ்த்தியது. கீரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"குரங்கு அப்படிச் சொல்லலையே?"

"குரங்கு புற்றைப் பார்த்தது தாத்தா. நான் மூச்சைப் பார்த்தேன்."

மேகன் தூளான புற்றைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கேட்டது: "அந்த ஒரு முட்டாவது நிச்சயமா?"

"நிச்சயம்!"

"அப்போ அதை வீணாக்கக் கூடாது."

கீரி திரும்பி வந்து விலங்குகளிடம் அப்படியே சொன்னது. "ஒரு முட்டு இருக்கிறது. அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தால் ஜெயிக்கலாம். நான் இங்கேயே இருக்கப் போகிறேன்."

மற்றவையும் தயங்கித் தயங்கி இருந்துவிட்டன.

சவாலை ஏற்பவர்தான் இடம் சொல்ல வேண்டும் என்பது காட்டு வழக்கம். அடுத்த நாள் உச்சிவெயிலில் மேகன் குளத்துச் சேற்றில் போய் நின்றது. தினமும் படுத்துப் புரண்ட சேறு. அடி ஆழமெல்லாம் அதற்கு அத்துப்படி.

செம்பன் பாய்ந்தது. கால் புதைந்தது. மேகன் தலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டது. செம்பன் காலை உருவிக்கொண்டு மறுபடி பாய்ந்தது. மறுபடியும் புதைந்தது.

"முட்டுங்க தாத்தா! ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்று குரங்கு கத்தியது.

கீரி மட்டும் செம்பனின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது. ஏழாவது பாய்ச்சலில் செம்பனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"கிழவா! சண்டை போடுடா!"

"போடுறேன் தம்பி!" என்ற மேகன் அப்போதுதான் கொம்பைத் தாழ்த்தியது.

ஒரே முட்டு. செம்பன் சேற்றில் மல்லாந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் மலையேறியது.

கீரி பெருமூச்சு விட்டு அப்படியே உட்கார்ந்தது. முயல் குட்டிகள் அதைத் தாண்டிக்கொண்டு தண்ணீருக்கு ஓடின.

மேகன் மூச்சிரைக்கக் கூப்பிட்டது: "கீரி! இப்போ எண்ணிப் பாரேன்!"

"அட, போங்க தாத்தா! முதல்ல தண்ணி குடிங்க!" என்று கீரி சிரித்தது.

குறையை மறைத்துப் புகழ்பவரைவிட, நடுங்கிக்கொண்டாவது உண்மையைச் சொல்பவரே நல்ல நண்பர்.