யானை உருண்ட சேறு

மழை பொய்த்த ஒரு காட்டில், மலையோடைக் கரையில் காட்டுப்பன்றி ஒன்று சேற்றுக் குளியல் கடை நடத்தியது. ஒரு குளியலுக்கு ஒரு கிழங்கு. வெயிலும் உண்ணியும் தாளாமல் காடே அங்கே வந்து நின்றது. வரிசை எவ்வளவு நீளம் என்றால், கடைசியில் நின்ற எருமைக்கு அங்கேயே கன்று பிறந்து, தன் முறை வருவதற்குள் அது நடக்கவும் பழகிவிட்டது.

அந்தக் கடையின் பெருமையே ஆளுக்கொரு புதுச் சேறுதான். ஒருவர் எழுந்ததும் பன்றி குழியின் கரையை உதைத்து உடைக்கும். சேறெல்லாம் மணலில் ஓடி வீணாகும். பிறகு ஒரு வாய்க்கால் வழியே ஓடையைத் திருப்பிக் குழியை மறுபடி நிரப்பும்.

கீழே ஒரு மடுவில் நீர்நாய் ஒன்று மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. ஓடை கீழே வருவது நின்றதால், மடுவில் தண்ணீர் கொக்கின் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. மீன்கள் போய்விட்டன. இரண்டு நாளாக நால்வருக்கும் ஒரே ஒரு நண்டு. அடுத்த ஆற்றுக்கு நடக்கக் குட்டிகளுக்குக் காலில் தெம்பில்லை.

நீர்நாய் மேலே போய்க் கெஞ்சியது. ஒருமுறை நிரப்பினால் பத்துப் பேர் உருளலாமே என்றது. ஆள் இல்லாத நேரத்திலாவது வாய்க்காலை அடைத்து வைக்கச் சொன்னது. குட்டிகளின் கதையையும் சொன்னது.

"ஒருத்தர் உருண்ட சேற்றில் இன்னொருத்தரை இறக்கினால் என் கடைப் பெயர் என்னாகும், தங்கச்சி?" என்றது பன்றி. அத்தோடு பேச்சு முடிந்தது.

நீர்நாய் வீட்டுக்குப் போகவில்லை. காலையெல்லாம் மண்ணைத் தோண்டி இரண்டு கிழங்கு எடுத்தது. அவற்றை வாயில் கவ்விக்கொண்டு வரிசையில் நின்றது.

அதன் முறை வந்தபோது, யானை ஒன்று அப்போதுதான் உருண்டு எழுந்து போயிருந்தது. பன்றி வழக்கம்போல் கரையை உதைக்கக் காலைத் தூக்கியது.

நீர்நாய் கிழங்குகளைக் கீழே வைத்தது. "பொறுங்கள் அண்ணே. எனக்கு அந்தச் சேறுதான் வேண்டும்."

"பழையதா?"

"யானை உருண்ட சேறு அண்ணே அது. அதைப் போய் மணலில் கொட்டுகிறீர்களே. இந்தாருங்கள், இரண்டு கிழங்கு."

இவ்வளவுதான் சொன்னது. குழியில் இறங்கி, ஒருமுறை புரண்டு, நிதானமாகக் கரையேறியது.

பின்னால் நின்ற எருமை யோசித்தது. முழ நீள நீர்நாய்க்கு யானைச் சேறு, தனக்கு வெறும் சேறா? "எனக்கும் அதையே கொடு. கரையை உடைத்தாயோ, உன் விலாவை உடைப்பேன்" என்றது. எருமைக்குப் பின்னால் நின்ற மானும் அதையே கேட்டது. மானுக்குப் பின்னால் நின்ற கரடி, தனக்குக் கிடைக்காமல் தீர்ந்துவிடுமோ என்று அழவே தொடங்கிவிட்டது.

பன்றி தூக்கிய காலை மெல்ல இறக்கியது.

அன்றே வாய்க்காலுக்குக் கல் வைத்து அடைத்தது. சேறு இறுகினால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து யானையே திரும்பி வந்து, தனக்கு யார் உருண்ட சேறு என்று கேட்டது. "ஐயா, தங்களுடையதேதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றது பன்றி. யானைக்கும் மகிழ்ச்சி.

ஓடை பழையபடி கீழே இறங்கியது. மடு நிரம்பியது. மீன்களும் வந்தன.

ஒருநாள் பன்றி மடுப் பக்கம் வந்து, இந்த அருமையான யோசனை தனக்கு எப்படித் தோன்றியது என்று நீர்நாய்க்கு வெகுநேரம் விளக்கியது. நீர்நாய் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அதன் வாயில் மீன் இருந்தது.

நீதி: பெருமைக்காக வீணாக்குகிறவரிடம் சிக்கனத்தைக் கெஞ்சிக் கேட்காதே, சிக்கனத்தையே பெருமையாக்கிக் காட்டு.