முயலின் வாய்

மகளின் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்றாவது ஓலை வாசிக்க இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது. அதற்குள் நாளைய விசாரணை வந்து குறுக்கே நின்றது.

பிஷப் ஆல்டனின் பங்களாவுக்குப் போகிற வழியில் பரிபூரணம் இரண்டு தடவை வீட்டுக்குத் திரும்பினாள். ஒரு தடவை, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க. இன்னொரு தடவை எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் பிஷப். வேதத்தைத் தமிழில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். லேவியராகமத்தில் முயல் அசைபோடும் என்று வந்த இடத்தில், ஆடு வளர்த்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"முயல் எங்கே ஐயா அசைபோடுது?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு முயலைக் கூண்டில் வைத்து மாதக்கணக்கில் பார்த்தார். பிறகு, வேதத்திலும் மனிதரின் கைப்பிழை உண்டு என்று புத்தகம் எழுதிவிட்டார். கேள்வி கேட்டவள் பெயரையும் அதில் போட்டிருந்தார்.

இப்போது அதை விசாரிக்க மதராசிலிருந்து மூன்று குருமார் வந்து இறங்கியிருந்தார்கள். அப்படி யாரும் கேட்கவில்லை, பிஷப்பே கட்டிவிட்ட கதை என்பது அவர்கள் கட்சி. கேட்டேன் என்றால் பரிபூரணத்துக்குச் சபை நீக்கம். மகள் சொர்ணத்தின் ஓலை நின்றுபோகும். கேட்கவில்லை என்றால் பிஷப் பொய்யர். அவர் பதவி போகும்.

பிஷப் நாற்காலியைக் காட்டினார். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"சம்பந்தி அம்மா கேக்குதாங்க ஐயா. ஆட்டுக்காரி சொல்லி ஆண்டவர் திருந்தணுமாக்கும்னு."

"நீ என்ன சொன்னாய்?"

"வெத்திலைத் தட்டை அவுக பக்கமா நகர்த்தி வச்சேன்."

பிஷப் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு என்ன சொல்லட்டும் ஐயா? நீங்க சொல்லுங்க. அப்படியே சொல்லிருதேன்."

அவர் உள்ளே போய் முயல் கூண்டைத் தூக்கிவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். கூண்டில் ஒரு இலைகூட இல்லை. ஆனாலும் முயலின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"காலையில் குருமார் மூவரும் இதைப் பார்த்தார்கள். வாய் அசைகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்றார்கள்."

அத்தனை பயத்திலும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வாய் எதுக்கு வேணும்னாலும் அசையும் ஐயா. பாக்க வேண்டியது தொண்டையை. விழுங்கினது உருண்டையா மேல ஏறி வரும். வந்தாத்தான் அசை."

"அவர்களுக்கு அது தெரியவில்லை."

"ரெண்டு ஆடு மேய்ச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"ஐயா... நான் கேக்கவே இல்லைன்னு சொல்லிட்டா?"

பிஷப் வேலியோரம் போய் ஒரு கொத்துக் கீரை பறித்துவந்து கூண்டுக்குள் போட்டார். முயல் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓலை வாசிப்பார்கள்" என்றார்.

"உங்களுக்கு என்மேலே வருத்தம் இருக்குமா?"

"இருக்காது."

"அவுக கண்டுபிடிச்சிட்டா?"

"பயப்படாதே. அவர்கள் உன் வாயை மட்டும்தான் பார்ப்பார்கள்."

பரிபூரணம் எச்சிலை விழுங்கினாள். கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.