மேல் சவ்வு

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். வழக்கமாகக் குருவுக்குத்தான் நரைத்திருக்கும். இங்கே சீடருக்கு நரைத்திருந்தது.

சீடர் பெயர் கோதண்டம். அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விட்டுப்போன ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட வேண்டும் என்று ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தார். குரு நஸ்ரின், கோதண்டத்தின் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். இரண்டு பேரும் வாசலில் எதிர்ப்பட்டால் யார் முதலில் உள்ளே போவது என்று முடிவாக நேரமாகும்.

கோதண்டத்துக்கு ஒரே மகள், எழில். மனைவி இறந்த பிறகு தினமும் அவளைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் சலித்துக்கொண்டாள். "ஏம்ப்பா தினம் தினம் கூப்பிடுறீங்க? மீட்டிங்ல இருக்கும்போது அடிச்சுக்கிட்டே இருக்கு."

அன்றோடு நிறுத்திவிட்டார். அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்தார். மாசி போய் ஆடியும் வந்துவிட்டது. அவள் கூப்பிடவில்லை. புனேயில் வேலையை விட்டாளாம், நொய்டா போனாளாம், அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லையாம். எல்லாம் மைத்துனர் சொல்லித்தான் தெரிந்தது.

இனி அவருடைய வேலை. பிறக்காத எலிக்குஞ்சின் மூளையில், புதிதாக உண்டான நியூரான்கள் அடியிலிருந்து உச்சியை நோக்கி ஊர்ந்து போகும். ஒவ்வொன்றும் தனக்கான அடுக்கில் போய் நிற்கும். அந்த மூளையை மெல்லிய சீவலாக்கி, உயிர் போகாமல் தட்டில் வைத்து, அவை நகர்வதைப் பார்க்க வேண்டும்.

மற்ற மாணவர்களின் தட்டுகளில் நியூரான்கள் போய்ச் சேர்ந்தன. கோதண்டத்தின் தட்டில் மட்டும் பாதி வழியில் நின்றன. சில பக்கவாட்டில் திரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

அவர் நஸ்ரினிடம் போனார்.

"மேடம், தன் இடம் எதுன்னு ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"தெரியாமலா போகுது?"

"தெரியாமத்தான் போகுது. உடம்பு பூரா ஏற்பிகள் இருக்கு. காதுன்னு வச்சுக்கங்களேன். அதுல வந்து விழறதை வச்சு நகரும். அதை வச்சுத்தான் நிக்கவும் செய்யும்."

"உச்சியில இருக்கற செல்லுங்க ஒரு புரதத்தைச் சுரக்குது, அதைத்தான் ஏற்பி பிடிச்சுக்குதுன்னு படிச்சேன்."

"படிச்சது சரிதான்."

"அப்ப என் தட்டுல இருக்கறதுக்கெல்லாம் காதுலதான் கோளாறு மேடம். இந்தக் காலத்துச் செல்லுங்க. யார் சொன்னாலும் கேக்காது."

நஸ்ரின் சிரித்தார். "உங்க கைவேலையைப் பார்க்கட்டுமா சார்?"

கோதண்டம் மூளையைத் தட்டில் வைத்தார். மூளையைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கும், வெந்த முட்டைக்குள் ஓட்டோடு ஒட்டியிருக்குமே, அதைவிட மெல்லிசு. மற்றவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுச் சீவுவார்கள். சீவலின் ஓரம் பிசிறடிக்கும். கோதண்டத்துக்குப் பிசிறு ஆகாது. நுனி மெலிந்த இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் உரித்தார். மூளை பளிங்கு மாதிரி வெளியே வந்தது.

"எவ்வளவு சுத்தம்!" என்றார் நஸ்ரின்.

"பசங்க நோட்டுல மார்ஜின் கோணினாலே கிழிக்கச் சொல்ற ஆளு மேடம் நான்."

"பசங்க பாவம்." நஸ்ரின் கையை நீட்டினார். "அந்தச் சவ்வை மட்டும் என்கிட்ட கொடுங்க."

"குப்பையில போடறதுதானே?"

"இன்னிக்கு வேண்டாம்."

அவர் அதையும் மூளையில் ஒரு சீவலையும் வாங்கிக்கொண்டு போனார். உச்சியில் இருந்து புரதம் சுரந்து நியூரான்களைக் கூப்பிடும் செல்கள் இருந்தால் அவை மட்டும் ஒளிரும்படி சாயம் ஏற்றினார்.

மறுநாள் காலை கோதண்டத்தை அழைத்தார். விளக்கை அணைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பின் முன்னால் இருந்து நகர்ந்துகொண்டார்.

"முதல்ல உங்க மூளைச் சீவலைப் பாருங்க சார்."

கோதண்டம் பார்த்தார். "உச்சியில ஒண்ணுமே இல்லையே. இருட்டா இருக்கு."

"இப்ப நீங்க உரிச்ச சவ்வு."

கோதண்டம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

கசங்கிய சவ்வு முழுக்கப் பச்சைப் பச்சையாக ஒளிர்ந்தது. கார்த்திகைக்கு ஊரே விளக்கு வைத்த மாதிரி.

"இதுங்கதான் கூப்பிடறதா?"

"ஆமா சார். சவ்வை அழுத்தி உரிச்சா அதோட ஒட்டிக்கிட்டு வந்துடும்."

"அப்ப என் நியூரான்கள்?"

"அதுல ஒரு குறையும் இல்ல. ஏற்பிகளையும் பார்த்துட்டேன். அத்தனையும் விரிச்சு வச்சுக்கிட்டு இருக்கு."

கோதண்டம் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நான் பிசிறுன்னு நினைச்சேன் மேடம்."

"ம்."

"உரிச்சு எடுத்த பிறகும் இதுங்க சுரக்குமா?"

"உசிரு இருந்தவரைக்கும் சுரந்திருக்கும் சார். நேத்து நீங்க கையில பிடிச்சிருந்தப்பகூட."

வெளியே யாரோ கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. கோதண்டம் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு முனையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்பது போலக் கேட்டார்.

"இப்படி விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, வர்ற செல்லுக்கு அது தொந்தரவா இருக்காதா மேடம்?"

நஸ்ரின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"போதும்னு ஆனதும் செல்லு தன் ஏற்பியை உள்ள இழுத்துக்கும் சார். காதை மூடிக்கறது அதோட வேலை. வாயை மூடிக்கறது இதுங்க வேலை இல்ல."

கோதண்டம் கையுறைகளைக் கழற்றிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.