கோகிலா தராத ஸ்டீரிங்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் கோகிலா. கரூர் பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப். காரில் எங்கேயோ கடகடவென்று சத்தம் வருகிறது, எங்கே என்று தெரியவில்லை, நாலு இடத்தில் காட்டியாயிற்று என்று அலுத்துப்போனவர்கள் கடைசியாக அவளிடம்தான் வருவார்கள்.

சீடர் சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வேலை கற்றுக்கொள்ள வந்து ஏழு மாதம் ஆகிறது.

அவர் மனதில் ஒரே ஒரு குறை. சத்தம் தேடிப் போகும்போதெல்லாம் ஸ்டீரிங்கில் கோகிலாதான் உட்காருவாள். அவரை இடது சீட்டில் உட்கார வைத்துவிடுவாள். பஸ்ஸையே பொம்மை மாதிரி ஓட்டிய மனுஷன்! கேட்கவும் கூச்சம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலை வடிவேல் வாத்தியார் காரைக் கொண்டுவந்து சடக்கென்று நிறுத்தினார்.

"என்னம்மா இது? நீ ஈரோடு போயிருந்த அன்னைக்கு, சத்தம் போயிருச்சுன்னு இவர் சொல்லி அனுப்பினாரு. வீடு போய்ச் சேரலை, மறுபடி கடகடங்குது. விளையாடறீங்களா?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கோகிலா ஈரோடு போன அன்று வாத்தியார் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். சத்தம் வலது பக்கம் என்று பட்டது. வலது பக்கக் கதவுகள் இரண்டையும் பிரித்து, கண்ட இடத்தில் எல்லாம் பஞ்சு வைத்து, திருகாணி ஒன்று விடாமல் முறுக்கினார். வேலை என்னவோ சுத்தம்தான்; ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

"டீ குடிச்சிட்டு உட்காருங்க சார், வந்துடறோம்" என்றாள் கோகிலா. சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு மண் ரோடு. குண்டும் குழியுமாக, அவளுக்கென்றே போட்டு வைத்தது போல இருக்கும். கார் அதில் இறங்கியதும் சத்தம் ஆரம்பித்தது.

"எந்தப் பக்கங்கண்ணா?"

சென்னியப்பன் கண்ணை மூடிக் கேட்டார். "வலதுங்க மேஸ்திரி."

அவள் ரோட்டின் கோடி வரை போனாள். திருப்பிக்கொண்டு மறுபடி வந்தாள்.

"இப்போ?"

"வலதுதாங்க." குரல் இறங்கிவிட்டது.

"காதை விடுங்க. கையை வைங்க. உங்க பக்கமே வைங்க. அழுத்த வேண்டாம். காய்ச்சல்ல படுத்த குழந்தை நெத்தியில வைப்போமில்ல, அப்படி."

அவர் முன் பலகையில் வைத்தார். கதவில் வைத்தார். ஜன்னல் ஓரம் வைத்தார். கோகிலா நடை வேகத்தில் ஓட்டினாள். மூன்று தடவை போய், மூன்று தடவை வந்தாள். கடைசியில், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடது தூணுக்குக் கை போனதும் அவர் முகம் மாறியது.

"மேஸ்திரி... இங்க நடுங்குதுங்க."

"பிடிங்க."

பிடித்தார்.

"நின்னுருச்சுங்கண்ணா!" என்றாள் அவள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தூணின் உறையைக் கழற்றினால், உள்ளே ஒரு போல்ட் பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அவள் முறுக்கத் தொடங்கினாள். சென்னியப்பன் தூணிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"மேஸ்திரி, உங்ககிட்ட ஒன்னு மறைச்சுட்டேன்."

அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு இடது காது சுத்தமா கேக்காதுங்க. பழைய பஸ்ஸுல இஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம்தானே இருக்கும். முப்பது வருஷம் அது பக்கத்துலயே உட்கார்ந்து காது போச்சு. எந்தச் சத்தமும் வலப்பக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். சொன்னா வேலைக்குச் சேத்துக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். சத்தம் கண்டுபிடிக்கிற எடத்துல செவிட்டுக் காதோட வந்து நிக்கலாமா?" அவர் தூணையே பார்த்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்னா வரலைங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

"நாலு மணிக்கு ஒரு வேன் வருது" என்றாள் கோகிலா. "நீங்க இல்லாம அதுக்குள்ள யாரு கை வைக்கிறது?"

அவர் வேட்டி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு மாதக் குறை, இனியும் உள்ளே நிற்க மாட்டேன் என்றது.

"அப்போ ஒன்னு கேட்டுக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளாவது ஸ்டீரிங்கை என் கையில குடுத்தீங்களா? என் மேல அவ்வளவு நம்பிக்கை இல்லையா?"

கோகிலா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"வந்த மூணாம் நாளே பாத்துட்டேங்கண்ணா. நீங்க ஓட்டினா நான் உங்க இடப்பக்கமில்ல உட்காரணும்? நான் பேசறது உங்களுக்குக் கேக்க வேண்டாமா?"